மூலையில் இருந்த சின்னங்கள் எங்கே போயின?



வீட்டில் சத்தம் எதுவும் இல்லையென்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றது என்று எண்ணிக்கொள்வது நம்மில் பலரது பழக்கம். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு மட்டும்தான் இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் சத்தம் திடீரென நின்றுவிட்டால் அவர்கள் நிம்மதி அடைவதில்லை. கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பார்க்கின்றார்கள். கணினி விடயத்திலும் இந்தத் தாய்மாரின் குணம் நமக்கு வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வதே இம்மாதக் கட்டுரையின் நோக்கமாகும்.

வீடுகளில் கணினி பாவிக்கும் சகோதரிகள் பலர் இப்பொழுது லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய இயந்திரங்களிலும் ஓடாது. புதிய மடிக்கணினி வாங்க வசதியில்லாத வீடுகளில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையோ கணினி தெரிந்த உறவினரோ பழைய இயந்திரத்தில் உபுண்டு, டெபியன், மின்ட் போன்ற ஒரு லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிடுகின்றார்கள். பணம் செலவாகாது, இயந்திரமும் சில வருடங்கள் கூடுதலாக உழைக்கும். நல்ல விடயம்தான். ஆனால் போட்டுக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போனபின், ஒருநாள் புதிய பதிப்புக்கு மாறும்போது வரும் சிறிய மாற்றங்களை வீட்டில் இருப்பவர்தான் சமாளிக்க வேண்டியிருக்கின்றது.

அத்தகைய ஒரு மாற்றத்தால் பாதிக்கப்பட்ட சகோதரி ஒருவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். கணவர் வெளிநாட்டில். இவர் வீட்டிலிருந்தே அபாயா தைத்து விற்கின்றார். வாடிக்கையாளரின் அளவுகள், வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில். அவற்றை இணையத்தில் உள்ள களஞ்சியம் ஒன்றுக்குத் தானாகவே பிரதி எடுத்து வைக்கும் மென்பொருளொன்றை மகன் போட்டுக் கொடுத்திருந்தார். திரையின் மேல் மூலையில் சிறிய மேகம் போன்ற சின்னம் இருக்கும். பச்சை அடையாளம் தெரிந்தால் பிரதி எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சிவப்பு தெரிந்தால் ஏதோ கோளாறு. இது ஒன்றை மட்டும் உம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு மகன் மேற்படிப்புக்குச் சென்றுவிட்டார்.

சில மாதங்களின் பின் லினக்ஸ் புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டது. திரை முன்னரைவிட அழகாக இருந்தது. மேகச் சின்னம் மட்டும் இல்லை. "சிவப்பு ஒன்றும் தெரியவில்லையே, சரியாகத்தான் இருக்கும்" என்று இவர் இருந்துவிட்டார். இதற்கிடையில் அந்தக் களஞ்சியத்தின் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. புதிய கடவுச்சொல்லைத் தரும்படி மென்பொருள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றது. ஆனால் அது கேட்பதைக் காட்டுவதற்கு இடம் இருக்கவில்லை. நான்கு மாதங்களின் பின் மடிக்கணினியின் வன்தட்டு பழுதானபோதுதான், கடைசிப் பிரதி நான்கு மாதப் பழையது என்பது தெரியவந்தது. பிள்ளைகளின் படங்களில் பெரும்பகுதி மிஞ்சியது. நான்கு மாதக் கணக்கும், முன்பணம் தந்தவர்களின் விபரமும் போய்விட்டன. யார் எவ்வளவு தந்தார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டிய நிலை. பிறர் பணம் என்பது அமானிதம். அதன் கணக்கு தொலைவது சின்ன விடயமல்ல.

"நான் எதையும் அழிக்கவில்லை, எதையும் மூடவில்லை, அந்தச் சின்னம் எங்கே போனது?" என்று அவர் கேட்டிருக்கின்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்போம்.

இரண்டு வேறு விடயங்கள்

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கணினி நமக்குச் செய்தி சொல்லும் வழிகள் இரண்டு.

ஒன்று அறிவித்தல். புதிய மின்னஞ்சல் வந்தால், பற்றரி குறைந்தால், திரையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி தோன்றிச் சில விநாடிகளில் மறைந்துவிடும். தபால்காரர் மணியடித்துவிட்டுப் போவதைப் போன்றது இது. அந்த நேரம் நாம் சமையலறையில் இருந்தால் காணமாட்டோம்.

மற்றையது நிலைச் சின்னம். மூலையில் எந்நேரமும் நின்றுகொண்டு, "நான் இயங்குகின்றேன், என் நிலைமை இதுதான்" என்று காட்டிக்கொண்டிருப்பது. சிஸ்டம் ட்ரே என்று சொல்லப்படும் மூலைத் தட்டில் வரிசையாக இருப்பவை இவைதான். காஸ் சிலிண்டரின் அளவுமானியைப் போன்றது இது. நாம் எப்போது பார்த்தாலும் நிலைமையைச் சொல்லும்.

இவ்விரண்டும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பலர் ஒன்றென்றே நினைக்கின்றார்கள். உள்ளே இவை வேறு வேறு வழிகளில் ஓடுகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றையது வேலை செய்யும். எனவே "அறிவித்தல் வருவதில்லை" என்று முறையிடும்போது, மணி அடிக்கவில்லையா, அளவுமானி காணாமல் போனதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்படி சகோதரியின் வீட்டில் காணாமல் போனது அளவுமானி.

ஏன் காணாமல் போகின்றது?

மூலையில் சின்னங்களை வைக்கும் பழக்கத்தை வீடுகளுக்குக் கொண்டுவந்தது 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 ஆகும். லினக்ஸ் உலகமும் அதைப் பின்பற்றியது. ஆனால் லினக்ஸில் அது செய்யப்பட்ட விதம் வேறு. 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் தொடங்கிய எக்ஸ் விண்டோ என்ற வரைமுறைதான் அக்காலத்தில் லினக்ஸின் திரையை ஆண்டது. அதில் ஒரு மென்பொருள் தனது சிறிய சாளரமொன்றை இன்னொரு மென்பொருளின் சாளரத்துக்குள் கொண்டுபோய்ப் பொருத்திவிடலாம். கடைக்காரர் ஒருவர் நம் வீட்டு மதிலில் தானே வந்து தன் பலகையை ஆணியடித்துவிட்டுப் போவதைப் போல. பலகையின் அளவு, நிறம், எழுத்து எல்லாம் அவர் இஷ்டம். மதில் மட்டும் நம்முடையது.

இதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. சின்னங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திரை அலங்கோலமானது. பெரிய தொல்லை மற்றையது. எக்ஸ் விண்டோவுக்குப் பதிலாக 2008இல் தொடங்கப்பட்ட வேலன்ட் என்ற புதிய வரைமுறையில், ஒரு மென்பொருள் இன்னொன்றின் சாளரத்துக்குள் இப்படி நுழைந்து ஒட்டிக்கொள்ள முடியாது. பாதுகாப்புக்கு அது நல்லதே. ஆனால் பழைய பலகைகள் எல்லாம் விழ வேண்டியதாயிற்று.

கே.டீ.ஈ. என்ற மேசைத்தளத்தை ஆக்கியோர் வேறு வழி கண்டார்கள். மென்பொருள் தன் சாளரத்தைக் கொண்டுவரத் தேவையில்லை. "என் பெயர் இது, என் சின்னம் இது, என் நிலை இது" என்று செய்தி மட்டும் அனுப்பினால் போதும். அதை வாங்கி வரைந்து காட்டுவது தட்டின் வேலை. கடைக்காரர் விபரத்தைச் சொல்ல, நம் பலகையில் நாமே எழுதிக்கொள்வதைப் போல. 2014 ஜூலையில் வந்த பிளாஸ்மா 5 பழைய முறையைக் கைவிட்டது. புதிய முறைக்கு மாறாத மென்பொருள்களின் சின்னங்கள் அன்று மறைந்துபோயின. பழைய முறையில் பேசுவதைப் புதிய முறைக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் சிறு கருவியொன்று 2015 டிசம்பரில் பிளாஸ்மா 5.5 உடன் சேர்க்கப்பட்ட பின்னரே அவை திரும்பின.

உபுண்டு, டெபியன், பெடோரா ஆகியவற்றில் முதன்மையாக வரும் குனோம் மேசைத்தளம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மூலைத் தட்டே வேண்டாம் என்பது அதன் வடிவமைப்பாளர்களின் முடிவு. 2015 மார்ச்சில் வந்த 3.16 பதிப்பில் பழைய சின்னங்களைத் திரையின் கீழ் இடது மூலையில் ஒளித்துவைத்தார்கள். 2017 செப்டெம்பரில் வந்த 3.26 பதிப்பில் அதையும் அகற்றிவிட்டார்கள். இதனால் 2017 ஜூனில் வந்த டெபியன் 9இல் இருந்த சின்னங்களை, 2019 ஜூலையில் டெபியன் 10க்கு மாறியவர்கள் காணவில்லை. உபுண்டு மட்டும் தன் பாவனையாளரை எண்ணி, சின்னங்களைக் காட்டும் துணைநிரலொன்றைத் தானே சேர்த்துக் கொடுத்து வருகின்றது. மற்றவர்கள் அத்துணைநிரலைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

போட்டுக்கொண்டாலும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. குனோம் புதிய பதிப்புக்கு மாறும்போது, அப்பதிப்புக்கு ஏற்றது என்று குறிக்கப்படாத துணைநிரல்கள் ஓடமாட்டா. 2023 செப்டெம்பரில் வந்த குனோம் 45இல் துணைநிரல்கள் எழுதப்படும் முறையே மாறியது. முன்னைய பதிப்புக்கு எழுதப்பட்டவை திருத்தப்படாமல் அதில் வேலை செய்யவில்லை. ஆக, மென்பொருள் நலமாக இருக்கும், இணையம் இருக்கும்; இடையில் நின்று சின்னத்தைக் காட்டும் துணைநிரல் மட்டும் ஓசையின்றி நின்றுபோயிருக்கும்.

குனோம்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முக்கியமான செய்தியை அறிவித்தலாக அனுப்புங்கள், மூலையில் குப்பை சேர்க்காதீர்கள் என்கின்றார்கள். ஆனால் மணியடித்துச் செல்லும் தபால்காரர், எந்நேரமும் நிற்கும் அளவுமானியின் வேலையைச் செய்ய முடியாது. இரண்டும் இரண்டு தேவைகள். இதைவிடக் கவலைக்குரியது, அளவுமானி கழற்றப்பட்டதை வீட்டாருக்கு யாரும் சொல்லாததுதான்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவிப்பதை நாம் கேட்கின்றோம். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டால் ஊரில் மௌத்தே நிகழவில்லை என்று யாராவது சொல்வார்களா? அதுபோலத்தான் இதுவும். சிவப்பு தெரியவில்லை என்பது பச்சை என்று ஆகாது.

என்ன செய்ய வேண்டும்?

கணினி படித்தவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒழுங்காகப் படிப்படியாகச் சென்றால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது, மணி வேலை செய்கின்றதா என்று பாருங்கள். கணினியில் உள்ள கடிகாரச் செயலியைத் திறந்து, டைமரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒரு நிமிடத்தில் திரையில் பெட்டி தோன்றினால் அறிவித்தல் வழி நலமாக இருக்கின்றது; கோளாறு குறிப்பிட்ட ஒரு மென்பொருளில்தான்.

பெட்டி தோன்றாவிட்டால், "டு நொட் டிஸ்டர்ப்" என்ற தொந்தரவு தடுக்கும் விசை போடப்பட்டிருக்கலாம். குனோமில் மேலே நடுவில் உள்ள நேரத்தை அழுத்தினால் விரியும் பெட்டியின் அடியில் அது இருக்கும். மிகப் புதிய பதிப்பில் வலது மூலையில் விரியும் பெட்டிக்குள் மாற்றப்பட்டிருக்கின்றது. பிள்ளைகள் வகுப்பு நேரத்தில் போட்டுவிட்டு எடுக்க மறப்பது வழமை.

இரண்டாவது, ஒரு மென்பொருளின் அறிவித்தல் மட்டும் வரவில்லையென்றால், செட்டிங்ஸ் பகுதியில் நொட்டிபிகேஷன்ஸ் என்ற தலைப்பைத் திறவுங்கள். மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். உரியதன் பெயரை அழுத்தி, அதன் விசை திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். பின் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் அமைப்பையும் பாருங்கள். மின்னஞ்சலை உலாவியில் பார்ப்பவராயின், உலாவி மூடியிருக்கும்போது அறிவித்தலை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, சின்னம் காணாமல் போயிருந்தால் உங்களது மேசைத்தளம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் கணினி பற்றிய பக்கத்தில் அது எழுதப்பட்டிருக்கும்.

குனோம் என்றால், மென்பொருள் களஞ்சியத்தில் அப்இண்டிகேட்டர் என்று தேடித் துணைநிரலை நிறுவுங்கள். பின் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற செயலியில் அதன் விசையைத் திறந்துவிடுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் பெரும்பாலும் அது உயிர்பெறும். அவ்வாறு செய்யாமல் "இதுவும் சரிவரவில்லை" என்று கைவிட்டவர்கள் பலர். உபுண்டுவாயின் அத்துணைநிரல் ஏற்கனவே இருக்கும். கடவுச்சொல் கேட்கும் திரையின் மூலையில் உள்ள பல்லுச்சில்லுப் படத்தை அழுத்தி, வெறும் குனோமைத் தெரிவு செய்யாமல் உபுண்டு என்பதையே தெரிவு செய்திருக்கின்றீர்களா என்று பாருங்கள்.

கே.டீ.ஈ. என்றால், மூலையில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்துங்கள். மறைந்த சின்னங்கள் அங்கே இருக்கலாம். அவ்வம்புக்குறியில் வலப்பக்கச் சொடுக்குச் செய்தால் ட்ரேயின் அமைப்புப் பக்கம் வரும். அதில் ஒவ்வொரு சின்னத்துக்கும் எப்போதும் காட்டு, எப்போதும் மறை என்ற தெரிவுகள் உண்டு. முக்கியமானதை எப்போதும் காட்டும்படி வையுங்கள்.

எக்ஸ்.எப்.சீ.ஈ. என்றால், பட்டையில் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, புதிய உருப்படிகளைச் சேர்க்கும் பகுதியில் ஸ்டேட்டஸ் ட்ரே என்பதைச் சேருங்கள். 2020 டிசம்பரில் வந்த 4.16 பதிப்பில், முன்னர் இரண்டாக இருந்தவை இந்த ஒன்றாக இணைக்கப்பட்டன. லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் மேசைத்தளத்தில் மூலைத் தட்டு தொடர்ந்தும் இருந்து வருவதால், புதிதாக லினக்ஸ் போடுவோர் அதை முதலில் யோசிக்கலாம்.

நான்காவது, ஒளிந்துகொண்ட மென்பொருளைக் கவனியுங்கள். சில மென்பொருள்களில் பெருக்கல் குறியை அழுத்தினால் அவை மூடுவதில்லை. மூலைத் தட்டுக்குள் ஒதுங்குகின்றன. தட்டே இல்லாத இடத்தில் அவற்றைத் திரும்ப அழைக்க வழி தெரியாமல் தவிப்போம். அம்மென்பொருளின் படத்தை மீண்டும் ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருப்பதே முன்னால் வரும். 2023 மார்ச்சில் வந்த குனோம் 44 முதல், வலது மூலையில் விரியும் பெட்டியில், சாளரமின்றிப் பின்னணியில் ஓடும் செயலிகளின் பட்டியலும் காட்டப்படுகின்றது. ஆனால் பிளட்பேக் முறையில் நிறுவப்பட்டவைதான் அதில் தெரியும். எல்லாம் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள்.

மாற்றுவதற்கு முன்

இத்தனையும் நோய் வந்தபின் மருந்து. வருமுன் காப்பது இலகு.

புதிய பதிப்புக்கு மாறும் முன், கைத்தொலைபேசியால் திரையின் மூலையைப் படம் எடுத்து வையுங்கள். என்னென்ன சின்னங்கள் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. மாறியபின் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். காணாமல் போன ஒவ்வொரு சின்னத்துக்கும், "அந்த மென்பொருள் ஓடுகின்றதா?" என்று திறந்து பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

அவசரப்பட்டு மாறவும் வேண்டாம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 5 வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பிள்ளைகளின் பரீட்சைக் காலத்திலோ, பெருநாள் தையல் வேலை குவிந்திருக்கும் காலத்திலோ மாறத் தேவையில்லை. மாறும்முன் முக்கியமான கோப்புகளை வெளித்தட்டு ஒன்றில் நீங்களே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சின்னத்தை மட்டும் நம்பியிராதீர்கள். வாரத்தில் ஒருநாள், பிரதி வைக்கப்படும் களஞ்சியத்தை இன்னொரு கருவியில், உதாரணமாகக் கைத்தொலைபேசியில், திறந்து பாருங்கள். அந்த வாரம் எழுதிய கணக்கு அங்கே இருக்கின்றதா? இருந்தால் பிரதி எடுக்கப்படுகின்றது. அதைவிடப் பெரிய பச்சை அடையாளம் வேறில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் முக்கியமான மின்னஞ்சலை எதிர்பார்த்திருப்பவர்களும் அறிவித்தலுக்காகக் காத்திராமல் நாளுக்கு ஒரு தடவை தாமே அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. புலமைப்பரிசிலுக்கான நேர்முகப் பரீட்சையோ, வேலைக்கான அழைப்போ, ஒரு பெட்டி தோன்றி மறைந்த ஐந்து விநாடியில் தவறிப்போகக் கூடாது.

வீட்டுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உம்மாவுக்கு "பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் பிழை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. "ஒன்றுமே தெரியாவிட்டால் அதுவும் பிழைதான், உடனே என்னைக் கூப்பிடுங்கள்" என்ற மூன்றாவது பாடத்தையும் சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வசனம் சொல்லப்பட்டிருந்தால், கடிதம் எழுதிய சகோதரி நான்கு மாதக் கணக்கை இழந்திருக்க மாட்டார்.

சகோதரிகளே, இன்றைக்கே கணினியின் மூலையை ஒருமுறை பாருங்கள். இருக்க வேண்டியது இருக்கின்றதா? இல்லையென்றால் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டிய நேரம் இது.

இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.